சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவரா காண்ட்?

18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்டைக் கிண்டலடிக்கும் ஒரு மேடைப் பேச்சின் காணொளி சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேச்சு முழுவதிலும் அதிகம் கைதட்டல் வாங்கியது ஒரே வரிதான்: மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, ஊரார் தன்னைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும்படி நேரம் தவறாமல் நடைபோனவர் காண்ட், அவருக்கு என்ன கவலை என்று.

எந்தச் சம்பளம்? 1755இல் தன் சொந்த ஊரான கோனிக்ஸ்பெர்க்கின் பல்கலைக்கழகத்தில் காண்ட் பாடம் நடத்தத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது அனுமதி மட்டும்தான். ஊதியம் கிடையாது. கேட்க வரும் மாணவர்கள் கொடுக்கும் கட்டணம்தான் சாப்பாடு, வாடகை, துணி எல்லாம். ஆள் சேரவில்லையென்றால் அந்தப் பருவத்துக்கு வருமானம் இல்லை. ஓரிரு வருடமா? 15 வருடம் இப்படி ஓட்டினார்.

அதனால்தான் வாரத்துக்கு 16 மணி நேரம், சில பருவங்களில் 20 மணி நேரத்துக்கும் மேல் வகுப்பு. தர்க்கம், மெய்யியல், அறவியல், கணிதம், இயற்பியல், புவியியல் என்று எது கேட்டாலும் நடத்தியாக வேண்டும். முதல் வகுப்பு ஒரு பேராசிரியரின் வீட்டில் நடந்தது. கூடம் நிறைந்து, படிக்கட்டிலும் மாணவர்கள் நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் காண்டுக்குக் குரலே எழவில்லை. சொன்னதைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சொன்னார் என்று அன்று அங்கே இருந்த மாணவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். போட்டிருந்த கோட்டு நைந்துபோய், நண்பர்கள் புதிது வாங்கப் பணம் தர வந்ததும் பதிவில் உண்டு. வாங்க மறுத்துவிட்டார்.

1758இல் காலியான பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. 1764இல் கவிதைத் துறைப் பதவி கொடுக்க வந்தார்கள். அது தன் துறை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். முதல் நிலையான வருமானம் 1766இல், துணை நூலகராக, வருடத்துக்கு 62 தாலர் (அன்றைய வெள்ளி நாணயம்). அதுவும் குளிர்காலத்தில் கணப்பில்லாத அறையில். பேராசிரியர் ஆனது 1770இல், 46 வயதை எட்டும்போது. சம்பளம் சம்பளம் என்கிறார்களே, அது அப்போதுதான் வந்தது!

"நேரம் தவறாமல் நடைபோனது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யில்லை. ஆனால் அது பிற்காலப் பழக்கம். இளமையில் பில்லியர்ட்ஸ் ஆடி, விருந்துக்குப் போய், நன்றாக உடுத்தித் திரிந்தவர்தான். கடிகார ஒழுங்கு கிரீன் என்ற ஆங்கிலேய வணிக நண்பரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். காண்டுக்கு வாழ்க்கையும் இல்லை, வரலாறும் இல்லை என்று 1834இல் எழுதியவர் ஜெர்மன் கவிஞர் ஹைனே. காண்ட் 1804இல் இறந்தபோது ஹைனேவுக்கு ஆறு வயது. அந்த வரியைத்தான் இன்னும் மேடையில் ஒப்பிக்கிறோம்.

இனங்களைப் பற்றி அவர் எழுதியவை மோசமானவை என்பீர்கள். ஆமாம், மோசமானவைதான். அதைப் பேசுங்கள், கடுமையாகவே பேசுங்கள். இல்லாத சோம்பேறித்தனத்தை அவர் தலையில் கட்டாதீர்கள்.

பதவி வந்த பிறகாவது ஓய்வெடுத்தாரா? அரசு விதிப்படி அச்சிட்ட பாடநூலை வைத்துத்தான் வகுப்பெடுக்க வேண்டும். தர்க்கத்துக்கு மையர் என்ற ஜெர்மன் தத்துவவாதி எழுதிய நூல். ஒரே பிரதியை ஏறத்தாழ 40 வருடம் வகுப்புக்கு எடுத்துப்போனார். ஓரங்களில், வரிகளுக்கு நடுவே, இடையில் சேர்த்த வெற்றுத் தாள்களில் என்று பொடி எழுத்தில் குறிப்பு. பழைய குறிப்பின் மேல் புதிய குறிப்பு. பின்னாளில் அவை மட்டுமே ஒரு முழுத் தொகுதியாக அச்சாயின. சும்மா உட்கார்ந்திருந்தவரின் புத்தகம் அப்படியா இருக்கும்?

1770க்குப் பிறகு 11 வருடம் பெரிய நூல் எதுவும் வெளிவரவில்லை. அதற்கு நடுவே, 1778இல், ஹாலே நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தால் வருடத்துக்கு 600 தாலர், பிறகு 800 தாலர் தருவதாக அழைப்பு வந்தது. அவர் வாங்கிக்கொண்டிருந்தது 236. போகவில்லை. கையிலிருந்த வேலையைக் கலைக்க மனம் வரவில்லை. 1781இல், 57 வயதில், 800 பக்கத்தைத் தாண்டிய அவருடைய முக்கிய நூல், 'தூய அறிவின் விமர்சனம்' வந்தது. பன்னிரண்டு வருட யோசனையை நான்கைந்து மாதத்தில் எழுதி முடித்தேன் என்று கடிதத்தில் சொல்கிறார். அந்தப் பன்னிரண்டு வருடமும் காலையில் வகுப்பு இருந்தது. 72 வயதில், 1796இல்தான் கடைசி வகுப்பு.

இத்தனை வருடம் மாணவர் முன்னால் நின்று பேசிப் பிழைத்த ஒருவரை, கைதட்டலுக்காக இவ்வளவு மலிவாக்கியதுதான் வலிக்கிறது. பேசியவர் படித்தவர், தெரியாதவர் இல்லை. அடுத்த மேடையில் அந்த ஒரு வரியைத் திருத்திச் சொல்லட்டும், போதும்.