ஐந்தாவது பெஞ்சு

ஞாயிறு காலைப் பூசையில் எனக்கென்று ஓர் இடம் உண்டு: இடது பக்கம், மின்விசிறிக்குக் கீழே, ஐந்தாவது பெஞ்சு. அதே பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் உட்காருவாள். நன்மை, அதாவது பூசையில் குருவானவர் தரும் அப்பம், வாங்க எல்லாரும் எழும்போது அவள் மட்டும் எழ மாட்டாள். கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து, முழங்கால்களை ஒரு பக்கமாகச் சாய்த்து, எங்களுக்கு வழிவிடுவாள். முதல் கணவனை விட்டு வந்தவள், கோயிலில் தாலி கட்டாமல் இன்னொருவரோடு வாழ்கிறாள் என்பது எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லாருக்கும் தெரியும். அதில் பாதிப் பேருக்கு நானும் என் நாத்தனாரும் சொல்லித்தான் தெரியும்.

இரண்டு வருடம் அந்த முழங்கால்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். தாண்டும்போது முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். அவள்மேல் பட்டுவிடக் கூடாது என்றா? அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன்.

அதே இரண்டு வருடமும் நான் என் அண்ணனோடு பேசவில்லை. அம்மா விட்டுப்போன முத்தியால்பேட்டை வீட்டைப் பங்கு பிரிப்பதில் தகராறு. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய்துகொள் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நான் காணிக்கையும் போட்டேன், நன்மையும் வாங்கினேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவள் கதை ஊருக்குத் தெரியும், என் கதை வீட்டுக்குள் இருந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நன்மைக்கு எழுவதற்கு முன் கோயிலே ஒரே குரலில் ‘நான் தகுதியற்றவன்’ என்றுதான் சொல்கிறது. சொல்லி வாய் மூடவில்லை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண் தேடப் போய்விடுகிறது.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய இழுத்து வந்தவர்களிடம், பாவம் இல்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொன்ன கதை யோவான் நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. அறிஞர்கள் அதற்குப் பல விளக்கம் சொல்கிறார்கள். ஆதித் திருச்சபை ஆயரான புனித அகுஸ்தினாருடைய விளக்கம் வேறு: தங்கள் மனைவியருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்த சிலர் அதை நீக்கிவிட்டார்கள் என்கிறார். 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஆண்களை எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துப் பங்குக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் தேநீரை ஆற்றிக்கொண்டே, “இப்படி எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும்” என்கிறார்கள். (கல்லுக்கும் குறைவில்லை. எங்கள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோரம் கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் கருங்கல்தான்.)

‘இனிப் பாவம் செய்யாதே என்றும் இயேசு சொன்னாரே’ என்று உடனே ஒருவர் ஆரம்பிப்பார். சொன்னார். கல்லோடு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவளிடம் மட்டும் சொன்னார். அந்த வசனத்தை நாம் கூட்டத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

இது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. புதுச்சேரியின் பேராலயமான சம்பா கோயிலுக்குள் சாதி பிரித்து உட்கார வைக்க ஒரு சுவர் இருந்ததையும், 1745இல் அதை இடித்தபோது கிளம்பிய சச்சரவையும் அந்தப் பிரெஞ்சுக் காலத்தில் இங்கே வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர் வேண்டும் என்று நின்றவர்களும் ஜெபமாலை சொன்னவர்கள்தான்.

அந்தப் பெண் பிறகு எனக்கு ஏதோ பேருதவி செய்தாள், அவள் தங்கமானவள் என்று புரிந்தது என எழுதினால் பதிவு அழகாக முடியும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் நல்லவளா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நற்சான்றிதழ் வாங்கிக்கொண்டு இரங்குவதானால் அதற்குப் பெயர் இரக்கம் அல்ல, நேர்முகத் தேர்வு.

போன ஞாயிறு வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. அவள் வழக்கம்போலக் கைப்பையைத் தூக்கி, கால்களைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் அசையாததைப் பார்த்து, “போகவில்லையா அக்கா?” என்றாள்.

“அண்ணனிடம் பேச வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது” என்றேன்.

என்ன புரிந்ததோ. கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கால்களை நேராக நீட்டிக்கொண்டாள்.