பாடப்புத்தகத்தையும் நாட்டுடைமை ஆக்கலாமே

எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே அரசு மேல்நிலைப் பள்ளி. 16 வருடமாக இங்கேதான் டி.டி.பி., ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம். பாடப்புத்தகம் ஊருக்குள் எப்படியெல்லாம் சுற்றி வருகிறது என்று கல்வி அதிகாரிகளைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற சார் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காக ஒளியியல் பாடத்தை நாலு பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பிடிஎஃப் இருக்கிறது, வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது என்று நம்பி வந்திருக்கிறார். வேர்டில் ஒட்டிப் பார்த்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும். பழைய எழுத்துருவில் வடிவமைத்தால் அப்படித்தான் வரும், எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து சிதறாமல் வருகிற யூனிகோடு முறை வேண்டும். கடைசியில் எங்கள் கடையில் டைப் அடிக்கிற பெண் முதல் வரியிலிருந்து அடித்துக் கொடுத்தாள். யாரோ ஏற்கெனவே ஒருமுறை அடித்து முடித்த பாடத்துக்கு, சார் தன் கைக்காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நடந்திருக்கிற நல்லதைச் சொல்லாமல் விட மாட்டேன். 90-களில் நான் பதினோராம் வகுப்பு சேர்ந்தபோது புத்தகம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முழுப்பரீட்சை முடிந்த அன்றே மேல்வகுப்பு அண்ணன்களைத் தேடிப் போய்ப் பாதி விலைக்குப் பேசி வைப்போம். வேதியியல் புத்தகத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர் பெயர் இருந்தது. இன்று அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிள்ளைகளுக்குப் புத்தகம் விலையில்லாமல் கைக்கு வருகிறது. 2018-இல் தொடங்கிப் புதிதாக எழுதிய புத்தகங்கள் பார்க்கவே அழகு. டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பிடிஎஃப் இறக்கி, பேக் டு பேக் பிரிண்ட் போட்டு, பைண்டிங் செய்து வாங்கிப் போகிறார்கள். என் கடை வாடகையில் பாதி அந்தப் புத்தகங்கள் போட்ட சோறுதான்.

ஆனால் உள்பக்கத்தில் அச்சு விவரம் இருக்கிற தாளைத் திருப்பிப் பாருங்கள். இன்ன தாளில் அச்சிட்டது என்று மேப்லித்தோ வரைக்கும் போட்டிருக்கும். அங்கேயே வட்டத்துக்குள் ஒரு 'சி' இருக்கும். பதிப்புரிமை. காசில்லாமல் படித்துக்கொள், மாற்றி எழுதி நாலு பேருக்குக் கொடுப்பதென்றால் என்னைக் கேள் என்று அர்த்தம்.

வகுப்பு நடத்த ஆசிரியர் நகலெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தில் ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொன்னது. (எங்கள் தொழிலில் அந்தக் கடை கிட்டத்தட்ட குலதெய்வம்.) ஆனாலும் ஒரு வாத்தியார் பாடத்தைத் திருத்தி எழுதி, இணையத்தில் போட்டு, ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? கைடு வாங்குகிறவர்களுக்கு. புத்தகம் சும்மா வரும்போது, பாடத்துக்குப் பாடம் 200, 300 ரூபாய் கொடுத்து கைடு ஏன் வாங்குகிறார்கள்? புத்தகம் கனமாக இருக்கிறது, எளிமையாக யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லத் தெரிந்த ஆசிரியர்கள் மாவட்டத்துக்கு நூறு பேராவது இருப்பார்கள். அவர்கள் எழுதுவது பள்ளி மதில் சுவரைத் தாண்டுவதில்லை. கைடு மட்டும் பஸ் ஏறி எல்லா ஊருக்கும் வந்துவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாங்களே அறிவியல் புத்தகம் எழுத ஆரம்பித்தார்கள். பிறகு சியாவுலா என்ற பெயரில் அது வளர்ந்தது. கணக்கும் அறிவியலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டார்கள். 2012-இல் அந்த நாட்டு அரசே அவற்றை லட்சக்கணக்கில் அச்சடித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்மிடமே நாட்டுடைமை என்று ஒரு அருமையான வழக்கம் இருக்கிறது. பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு காசு கொடுத்து வாங்கியது, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. அதற்கப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள். அடுத்தவர் எழுதியதைப் பணம் கொடுத்து வாங்கிப் பொதுவாக்குகிற அரசுக்கு, தானே சம்பளம் கொடுத்து எழுத வைத்த கணக்குப் புத்தகத்தைப் பொதுவாக்க ஒரு அரசாணை போதும்.

தமிழ்ப் பாடநூலில் சிக்கல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இன்று வாழ்கிற கவிஞர்களின் கவிதைகளும் கதைகளும் உள்ளே இருக்கின்றன, அவர்களைக் கேட்காமல் முடியாது. சரி, கணக்கிலும் அறிவியலிலும் தொடங்கலாமே. யூனிகோடு எழுத்தில், திருத்தக்கூடிய கோப்பாகவே போட வேண்டும். பார்வையற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கும் அது வேண்டும். யாராவது தப்பாக மாற்றிவிட்டால் என்கிறார்கள். மாற்றியவர் பெயரைப் போடு, அரசு முத்திரையை எடுத்துவிடு என்று உரிமத்திலேயே எழுதலாம். கைடுகளில் இருக்கிற தப்புகளுக்கு இப்போது யார் பொறுப்பாம்?

நேற்று பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். "அண்ணா, அந்த ஒளியியல் நாலு பக்கம் உங்ககிட்ட இருக்காமே, எனக்கும் அனுப்புவீங்களா?" சாரிடம் கேட்டேன். "தாராளமா அனுப்புங்க" என்றார். அனுப்பிவிட்டேன். அந்தப் பாடத்தை அப்படிக் கொடுக்கிற உரிமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்பது பைண்டிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.