வசனத்தை வெட்டிய மக்

என் புது வக்கீல் சேம்பர் திறந்த அன்று நான்கு சுவர்க்கடிகாரமும் மூன்று பிள்ளையாரும் ஒரு காபி மக்கும் பரிசாக வந்தன. மக்கில் ஒரு பழைய படம்: கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை, முகத்தில் அப்படியொரு திருப்தி. "எவ்வளவு கம்பீரம் பாருங்க, உங்களுக்குன்னே தேடி வாங்கினேன்" என்றார் நண்பர்.

சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அது பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியே வரைந்த கேலிச்சித்திரம். பாரிசின் 'லெ ஷரிவரி' பத்திரிகையில் 1845 முதல் 1848 வரை வக்கீல்களையும் நீதிபதிகளையும் அவர் கிழித்துத் தொங்கவிட்ட வரிசையில் ஒன்று. பத்திரிகையில் படத்துக்குக் கீழே வசனமும் உண்டு. தோற்றுப்போன கட்சிக்காரரிடம் வக்கீல் சொல்கிறார்: உங்கள் கேஸ் தோற்றது உண்மைதான், ஆனாலும் நான் வாதாடியதைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு இன்பமாக இருந்திருக்கும்!

மக்கில் வசனம் இல்லை. கூடவே கட்சிக்காரரையும் வெட்டிவிட்டார்கள். மிச்சமிருப்பது கம்பீரம் மட்டும்.

டை, கோஸ்டர், மவுஸ்பேட் என்று இந்தப் படங்கள் எதில்தான் இல்லை! தோமியே 1879-இல் இறந்துவிட்டார். காப்புரிமைச் சிக்கல் கிடையாது, யாரும் அச்சிடலாம். சரி, அச்சிடட்டும். ஆனால் திட்டியவனின் வாயைப் பொத்திவிட்டு, அவன் வரைந்ததை நமக்கே மரியாதைப் பொருளாக விற்பது என்ன நியாயம்?

அவர் கோர்ட்டை வெளியிலிருந்து பார்த்துக் கேலி செய்தவர் இல்லை. சிறுவயதில், கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனா ஒருவரிடம் எடுபிடியாக இருந்தவர். அப்புறம் மன்னர் லூயி பிலிப்பை, மக்கள் பணத்தைக் கூடை கூடையாக விழுங்கும் பூதமாக வரைந்தார். அதற்காக 1832-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை. கோர்ட்டில் குமாஸ்தா பக்கமும் தெரியும், குற்றவாளிக் கூண்டும் தெரியும். 1835-இல் வந்த சட்டங்கள் அரசியல் கேலிச்சித்திரத்தைத் தடுத்தபோது, அவர் கை சமூகத்தின் பக்கம் திரும்பியது. பத்து வருடம் கழித்து நம் ஆட்கள் முறை வந்தது. இன்னொரு படத்தில் ஒரு வக்கீல் உள்ளம் உருக வாதாடுகிறார். வசனம்: இவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருப்பது தெளிவு... கட்சிக்காரர் நன்றாக ஃபீஸ் தருவார் என்று.

இங்கிலாந்தின் 'வேனிட்டி ஃபேர்' வார இதழ்ப் படங்கள் வேறு ரகம். ஸ்பை என்ற பெயரில் லெஸ்லி வார்ட் வரைந்த பாரிஸ்டர்களும் மக்கில் வருகிறார்கள். அவற்றில் கேலி இருந்தாலும் கடிக்காது. 1904-இல் அவர் வரைந்த ரூஃபஸ் ஐசக்ஸ்தான் பிற்பாடு ரீடிங் பிரபுவாக, வைஸ்ராயாக இந்தியாவுக்கு வந்தார். அவரை மக்கில் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவருக்கும் இருந்திருக்காது.

தோமியேயின் வசனங்களில் பெரும்பாலானவை பத்திரிகைக்காரர்கள் எழுதியவைதானே, வெட்டினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வசனம் இல்லாமலேயே அந்த முகம் பேசும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நண்பருக்கு அது கம்பீரம் என்றல்லவா கேட்டிருக்கிறது!

மக்கை மேஜையிலேயே வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். பாகப்பிரிவினை வழக்கு, ஒன்பது வருடமாக வாய்தா. மக்கை உற்றுப் பார்த்துவிட்டு, "யாருங்கய்யா இது, உங்க சீனியரா?" என்றார். படத்தின் கதையையும் வசனத்தையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நம்ம கேசுல இன்னும் வாதாடவே ஆரம்பிக்கலையேங்கய்யா" என்றார்.