அடிபட்டவனிடம் "எழுந்து ஓடு" என்று சொல்லாதீர்கள்

பெருந்துறைப் பக்கத்துக் கபடிப் போட்டியின் பரிசளிப்பு மேடையில், முட்டி ஜவ்வு கிழிந்து மனச்சோர்வில் கிடக்கும் ஆட்டக்காரத் தம்பி ஒருவனைப் பற்றி மூத்த அண்ணன் ஒருவர் பேசியதை எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "கால்ல அடிபட்டா கால்தானுங்க வலிக்கோணும், மனசு எதுக்கு வலிக்குது? எந்திரிச்சு நாலு ரவுண்டு ஓடுனா டிப்ரஷனெல்லாம் போயிரும்" என்ற அந்தப் பேச்சைவிட, அதற்குக் கிடைத்த கைத்தட்டல்தான் என்னை அதிகம் வதைத்தது. கைத்தட்டியவர்களில் பாதிப் பேர் முன்னாள் ஆட்டக்காரர்கள்.

உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு கொண்ட 156 முதியவர்களுள் பயிற்சி மட்டும் செய்தவர்களும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களும் 16 வாரங்களின் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். பயிற்சிக்கு அத்தனை பலம் இருப்பதால்தான், தினமும் காலையும் மாலையும் ஆடிப் பழகிய ஒருவனிடமிருந்து அது ஒரே இரவில் பறிபோகும்போது மனம் சரிகிறது. காயமே இல்லாதவர்கள்கூட வழக்கமான பயிற்சியை நிறுத்திவைத்தால் சில வாரங்களில் மனநிலை தாழ்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முட்டி ஜவ்வு கிழிந்து படுத்திருப்பவனிடம் போய் ஓடு என்பது, கிணறு வற்றிய தோட்டத்துக்காரனிடம் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சு என்பதற்கு ஒப்பானது. எந்த மருந்தை இழந்து நோயுற்றானோ அதையே சாப்பிடச் சொல்கிறீர்கள்.

எனக்கும் இதே முட்டி, இதே ஜவ்வு. கல்லூரி நாட்களில் கபடி பாடி எதிரணிப் பக்கம் போனபோது பின்னாலிருந்து காலைப் பிடித்தார்கள். உடல் திரும்பியது, பாதம் திரும்பவில்லை. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்திலிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியதும் நான் சன்னலைச் சாத்திக்கொள்வேன். சோறு இறங்காது, விடியும்வரை தூக்கம் வராது. "பையன் ஏனோ பேசவே மாட்டேங்கறானுங்க" என்று அம்மா சொன்னபோது, காட்டப் போயிருந்த இடத்தில் ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். முட்டியை வளைத்துக்கொண்டிருந்த பிசியோ ஒருவர்தான் "நைட்டு தூங்கறீங்களா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியால்தான் நான் மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். மாத்திரை, பேச்சு, உட்கார்ந்தபடி கைகளுக்கு மட்டும் பிசியோ அனுமதித்த பயிற்சி, ஸ்கோர் எழுத என்னை மைதானத்துக்குத் தூக்கிச் சென்ற அணி ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் என்னை மீட்டன. பயிற்சியும் அதில் இருந்தது. ஆனால் அளவும் நேரமும் அறிந்தவர் கொடுத்ததாக இருந்தது.

"நடராஜன் வரலையா? மாரியப்பன் ஜெயிக்கலையா?" என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். சின்னப்பம்பட்டி நடராஜன் 2021-இல் முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் கிரிக்கெட் வாரியம் இருந்தது. ஐந்து வயதில் பேருந்தில் கால் நசுங்கிய பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவர்கள் வென்ற கதையை, எழ முடியாதவனை அடிக்கும் கோலாக எடுக்காதீர்கள். உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப் போட்டியின் நடுவே மனநலம் கருதி விலகினார். அவருக்கு உடல் பலம் குறைவா?

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் காலத்தில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர்களில் எத்தனை பேர் டாஸ்மாக் வாசலில் முடிந்தார்கள் என்பதை உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

இந்தத் தம்பி இழந்தது ஆட்டத்தை மட்டுமல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்றுதான் அவன் வீட்டில் பனியன் கம்பெனிக்கு அனுப்பாமல் ஆட விட்டார்கள். முட்டி ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம்கூட ஆகுமுன் களமிறங்குபவர்களுக்கு மீண்டும் கிழியும் ஆபத்து கூடுதல் என்பது மருத்துவர்கள் அறிந்தது. மேடையில் பேசியதைக் கேட்டு அவன் நாளைக் காலையிலேயே ரோஷத்தில் ஓடிப் போய் மறுபடி கிழித்துக்கொண்டால், கைத்தட்டியவர்கள் யார் வந்து நிற்பீர்கள்?

வாணவேடிக்கைக்கும் பொன்னாடைக்கும் காசு இருக்கிறது. மேட் ஓரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் வைக்கக் காசு இல்லை. தோற்ற அணிக்கும் கோப்பை உண்டு, அடிபட்டவனுக்கு ஒரு போன் அழைப்பு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் ஒருவன் கிடந்தால் அது சோம்பல் அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம் என்பதை அந்த ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

அண்ணா, நீங்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களை எதிரியாக நினைத்து எழுதவில்லை. எனக்குப் பிடி சொல்லிக் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். மேடையில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவன் வீட்டுக்குப் போங்கள், ஓடச் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள், அடுத்த போட்டிக்கு ஸ்கோர் மேசையில் ஆள் வேண்டும் என்று கேளுங்கள். வண்டி இல்லையென்றால் நானே வந்து கூட்டிப் போகிறேன்.