டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதற்கு முன்

நம் ஊர் டயர் கடைகளில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" அடுத்த கேள்வி, "எவ்வளவு குறைப்பீங்க?" மழையில் பிரேக் அடித்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. பிடிமானத்துக்கு முதலிடம் கொடுத்துச் செய்யும் பெர்ஃபார்மன்ஸ் டயர் என்று பேச்சை எடுத்தாலே, "அதெல்லாம் ரேஸ் ஓட்டற பசங்களுக்குங்க, ஃபேமிலி வண்டிக்கு எதுக்குங்க?" என்று முடித்துவிடுகிறார்கள். இதை நான் கொஞ்சம்கூட ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளையும் வயதான அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொட்டுகிற மழையில் போகிற வண்டிக்குத்தான் அந்த டயர் முதலில் தேவை.

நான் கோவைக்காரன். வேலை விஷயமாக வாளையார் தாண்டி பாலக்காடு போய்வருவது வாடிக்கை. ஜூன், ஜூலை மாதங்களில் அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: மதுக்கரை வரை வெயிலடிக்கும், எல்லையை நெருங்கும்போது கண்ணாடி முழுக்கத் தண்ணீர். ஓட்டுவது 205/55 ஆர்16 அளவு டயர் போட்ட பழைய ஸ்கோடா ஆக்டேவியா கார். முன்பு அதில் இருந்தது நிறைய கிலோமீட்டர் ஓடக்கூடிய கெட்டி ரக டயர். காய்ந்த ரோட்டில் அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ரோடு நனைந்துவிட்டால் போதும், கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தாலே டயர் பிடியை விட்டுவிடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று பெடலை உதைக்கும். அது தேய்ந்து முடிந்ததும் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 போட்டேன். ஐரோப்பாவில் கோடைக்கால டயர் என்று விற்கும் வகையில், வேகமான கார்களுக்காகச் செய்யப்படும் ரகம்.

வித்தியாசம் என்னவென்று கஞ்சிக்கோடு பக்கம் ஒரு மழையில் முழுசாகப் புரிந்தது. முன்னால் போன லாரி சட்டென்று நின்றுவிட்டது. பிரேக் லைட் எரியவில்லை. சேறு படிந்த பின்பலகை மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பெடலை முழுக்க மிதித்தேன். வண்டியின் முன்பக்கம் கீழே அழுந்தியது, சீட் பெல்ட் நெஞ்சைப் பிடித்தது, ஏபிஎஸ் கடைசியில்தான் கொஞ்சம் முனகியது. நின்ற பிறகு பார்த்தால் லாரிக்கும் எனக்கும் நடுவே இன்னொரு கார் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. அடுத்த நொடி கண் போனது பின்பக்கக் கண்ணாடிக்கு. நான் நின்றுவிட்டேன், பின்னால் வருகிறவர் நிற்பாரா? அவரும் நின்றார், நல்லவேளை.

"ரெண்டு மூணு மீட்டர் வித்தியாசத்துக்கா இவ்வளவு செலவு?" என்று என் மச்சான் கேட்டார். சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். இரண்டு கார்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. இரண்டும் ஒரே நொடியில் பிரேக் பிடிக்கின்றன. ஒன்று 30 மீட்டரில் நிற்கிறது, இன்னொன்றுக்கு 33 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்ற இடத்தில் இரண்டாவது கார் என்ன வேகத்தில் இருக்கும்? ஏதோ ஊர்ந்துகொண்டிருக்கும் என்றுதான் நினைப்போம். கிட்டத்தட்ட 24 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 36 மீட்டர் தேவைப்படுகிற காராக இருந்தால் 33 கிலோமீட்டர் வேகம். பிரேக் பிடிக்கும்போது வேகத்தில் பாதி, கடைசி கால்வாசி தூரத்தில்தான் குறைகிறது. அந்தக் கடைசி 3 மீட்டரில் நடுரோட்டில் நின்றுபோன பைக் ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று மச்சானிடம் கேட்டேன். அவர் பேசவில்லை.

ஏர்பேக் எத்தனை, கிராஷ் டெஸ்டில் எத்தனை ஸ்டார் என்று இப்போது எல்லோரும் விசாரித்து வாங்குகிறார்கள். ரொம்ப நல்ல மாற்றம். கார்களை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் தரும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் 2023-ல் வந்த பிறகு ஷோரூமிலேயே அந்தப் பேச்சுதான். ஏபிஎஸ் 2019 ஏப்ரலில் இருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். ஆனால் ஏபிஎஸ் தானாக எந்தப் பிடிமானத்தையும் உண்டாக்குவதில்லை. டயர் தருகிற பிடிமானத்தை வீணாக்காமல் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். ரோட்டைத் தொடுவது ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். ஆறு ஏர்பேக் கேட்டு வாங்கியவர் அந்த உள்ளங்கை விஷயத்தில் மட்டும் பேரம் பேசுவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

கெட்டி டயருக்கும் இதற்கும் உள்ளே என்னதான் வித்தியாசம்? பெரும்பாலும் ரப்பர் கலவைதான். பழைய கலவைகளில் ரப்பருக்கு வலு தர கார்பன் பிளாக் என்ற கரித்தூள் மட்டும் சேர்ப்பார்கள். 1990-களில் இருந்து அதற்குப் பதிலாக சிலிகா என்ற வெள்ளைத் தூள் பெரிய அளவில் வந்தது. டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நசுங்கி எழுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 11 முறை. அந்த நசுங்கலில் ரப்பர் சூடாகி வீணாக்கும் சக்திதான் பெட்ரோலைக் குடிக்கிறது. பிரேக் பிடிக்கும்போது நடப்பது வேறு. ரோட்டின் பொடிப்பொடி முனைகள் ரப்பரை நொடிக்குப் பல ஆயிரம் முறை குத்தி நெருடுகின்றன. அங்கே ரப்பர் சக்தியை விழுங்கினால்தான் வண்டி நிற்கும். மெதுவான நசுங்கலில் குறைவாகவும், வேகமான நெருடலில் அதிகமாகவும் சக்தியை விழுங்க சிலிகா கலவையால் முடிகிறது. இந்த டயர்களுக்குத் தருகிற காசில் பெரும்பங்கு இதற்குத்தான். பக்கவாட்டில் எழுதியிருக்கும் "ஒய்" என்ற எழுத்து 300 கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்று சொல்கிறது. நமக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் இது ரேஸ் டயர் என்று மக்கள் ஒதுங்குகிறார்கள்.

ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றுகிறான். 7 டிகிரிக்குக் கீழே போனால் இந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், பனியில் கொஞ்சமும் பிடிக்காது. அதனால் அவர்களுக்குக் குளிர்காலத்துக்குத் தனி செட். நமக்கு அந்தச் செலவே கிடையாது. ஊட்டியில் உறைபனி விழுகிற ஜனவரி விடியற்காலையை விட்டுவிட்டால், இந்த டயர்கள் நன்றாக வேலை செய்யும் சூடு நமக்கு வருடம் முழுக்கக் கிடைக்கிறது. அவர்களுக்கு ஆறேழு மாதம் பயன்படுகிற டயர் நமக்குப் பன்னிரண்டு மாதமும் உதவும். அப்படியிருந்தும் நாம்தான் வேண்டாம் என்கிறோம்.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. சீக்கிரம் தேயும். சாதாரண டயர் ஐம்பதாயிரம் ஓடுகிற இடத்தில் இது முப்பது, நாற்பதில் முடிந்துவிடும் என்பதே போட்டவர்கள் பலர் சொல்வது. விலையும் அதிகம். அதைவிட எனக்குக் கோபம் தருவது பக்கவாட்டு வீக்கம். குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் ஒருமுறை இறங்கி ஏறியதில், மறுநாள் டயரின் பக்கத்தில் அரை எலுமிச்சை அளவுக்குப் புடைத்து நின்றது. உள்ளே நூல் அறுந்துவிட்டது, இனி பஞ்சர் மாதிரி ஒட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அழகுக்காக 17 இஞ்ச் அலாய் வீல் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 205/55 ஆர்16 என்றால் டயர் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், அதாவது 113 மில்லிமீட்டர் உயரம். 225/45 ஆர்17 போட்டால் 101 ஆகிவிடும். அந்த 12 மில்லிமீட்டர்தான் பள்ளத்தில் உங்களைக் காப்பாற்றுகிற மெத்தை. நல்ல ரப்பர் வேண்டுமானால் கம்பெனி கொடுத்த அளவிலேயே வாங்குங்கள், ரிம்மைப் பெரிதாக்காதீர்கள்.

டாக்ஸி ஓட்டும் நண்பர் ஒருவர், "எனக்குக் கட்டுப்படியாகாதுண்ணா" என்றார். அவர் சொல்வது நியாயம். மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் காசு. அவருக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: மொட்டையாகும் வரை ஓட்டாதீர்கள். சட்டப்படி பட்டன், அதாவது டயர் மேல் உள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே எனக்குப் பயம். தேங்கிய தண்ணீரை வெளியே தள்ள அந்தப் பள்ளங்களில் இடம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். விமான டயர்களை வைத்து 1960-களில் நாசா கண்டுபிடித்த கணக்கு ஒன்று உண்டு. அதன்படி வழவழவென்று தேய்ந்த டயரில் காற்று 33 இருந்தால் சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 25-க்கு இறங்கியிருந்தால் 83-லேயே. காற்று பிடிப்பது பைசா செலவில்லாத வேலை. அதையும் டயர் சூடாக இருக்கும்போது பார்த்துவிட்டு "அதிகமா இருக்கு" என்று இறக்கிவிடுகிறார்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பாருங்கள்.

இன்னொன்று, கடைக்காரர்களோடு நான் எப்போதும் சண்டை போடுகிற விஷயம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் மாட்டுவார்கள். "இழுக்கறது முன்வீல்தானுங்க, ஸ்டியரிங்கும் அதுலதான்" என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரில் காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், நம்மில் யாருக்கும் அதைச் சமாளிக்கப் பழக்கம் கிடையாது. நல்ல பட்டன் உள்ள ஜோடி பின்னால்தான் இருக்க வேண்டும். மிஷ்லின் உட்பட டயர் கம்பெனிகள் பல ஆண்டுகளாகச் சொல்வதும் இதுதான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஈரத்தில் இறங்கியவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 1824 என்றால் 2024-ம் ஆண்டு 18-வது வாரம் செய்தது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு இந்த ரகங்கள் பல அளவுகளில் கிடைக்காமல் போயின, கிடைத்தவை பழைய சரக்காக இருந்தன. ஒரு கடையில் மூன்று வருடப் பழைய டயரைப் புது விலைக்கே என்னிடம் நீட்டினார்கள். உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை. நம் தமிழ்நாடே டயர் நாடு: திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் முதல் ஒரகடம் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் ஜேகே வரை இங்கேதான் இருக்கின்றன. தேர்வாய் கண்டிகையில் லாரி, பஸ் டயர் செய்துவந்த மிஷ்லின், கார் டயரும் அங்கே செய்யப்போவதாக 2024-ல் அறிவித்தது. அப்படியானால் ஐரோப்பாவில் 2012-ல் இருந்து ஒவ்வொரு டயரிலும் ஒட்டப்படும் ஈரப்பிடிமான எழுத்து மாதிரி ஒன்றை, விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிதாக ஒட்டி இங்கேயும் விற்கட்டும். நல்லதற்கு ஏ என்றும் மட்டமானதற்கு டி என்றும் கண்ணெதிரே எழுதியிருந்தால், கேட்கத் தெரியாதவர்கூட ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பார்.

205/55 ஆர்16 அளவில் இந்திய கம்பெனிகளின் மேல்ரக டயர் போட்டு ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த செட் அதில் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை அப்புறம் சொல்லலாம், முதல் மழையில் பிரேக் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.