வீட்டை இழக்காமல் வீரனாகும் ஒரு சிறுவன்

சூப்பர் ஹீரோ உருவான கதை என்றாலே, அந்த வீரன் முதலில் தன் குடும்பத்தை இழக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகவே இருந்து வருகிறது. சூப்பர்மேனுக்குப் பிறந்த கோளே அழிந்துபோகிறது. பேட்மேனின் தாயும் தந்தையும் அவன் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பெற்றோர் இல்லாமல் பெரியப்பா வீட்டில் வளரும் பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேன், அந்தப் பெரியப்பாவையும் பறிகொடுக்கிறான். வலிமை பெற வேண்டுமானால் வீடு போயாக வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் பதிவதை நான் விரும்புவதில்லை. அதனால்தான், 2018இல் வெளிவந்து மறு ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் படத்தில் ஸ்பைடர்மேனாக மாறுபவன், நியூயார்க்கின் புரூக்ளினில் வளரும் சிறுவன் மைல்ஸ் மொராலஸ். அவன் தந்தை காவல்துறையில் பணியாற்றும் ஆப்பிரிக்க அமெரிக்கர். தாய் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த செவிலியர். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், மகனை நேசிக்கிறார்கள், அவனைப் படுத்தவும் செய்கிறார்கள். பழகிய பள்ளியையும் நண்பர்களையும் விட்டு, நல்ல பள்ளி என்று பெற்றோர் தேர்ந்த விடுதிப் பள்ளியில் அவன் ஒட்டாமல் நிற்கும் காட்சிகளை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. படிப்பைப் பெரிதாக மதிக்கும் குமரியில், அந்த நெருக்கடியை அறியாத வீடு குறைவு.

படத்தின் உயிர்நிலை என்று நான் கருதுவது சண்டைக் காட்சி அல்ல, ஒரு மூடிய கதவு. மைல்ஸ் நாற்காலியோடு கட்டப்பட்டு, வாயும் அடைக்கப்பட்டு, பேச முடியாமல் உள்ளே இருக்கிறான். மகன் தன்மேல் கோபமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று தந்தை தன் அன்பைத் தட்டுத்தடுமாறிச் சொல்கிறார்; பதில் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார். தூத்தூர், வள்ளவிளைப் பகுதிகளில் ஆழ்கடலுக்குச் செல்லும் தந்தை வீடு திரும்ப வாரக்கணக்காகிறது; மார்த்தாண்டம், கருங்கல் பக்கங்களில் வளைகுடாவில் வேலைபார்க்கும் தந்தை அலைபேசித் திரையில் மட்டும் தெரிகிறார். பாசம் இருந்தும் அதைச் சொல்லிப் பழகாத நம் வீடுகளில் இந்தக் காட்சி ஓடும்போது யாரும் எழுந்து போவதில்லை. என் அக்காள் மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “மாமா, அவனுக்குக் கேக்குதுன்னு அவங்க அப்பாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

கற்றுக்கொள்வதைப் படம் காட்டும் விதமும் குறிப்பிடத்தக்கது. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. பனி படர்ந்த காட்டில் மைல்ஸ் முதன்முதலாக வலைவீசித் தாவும்போது, அவனுடைய ஒவ்வொரு அசைவும் இரண்டு சட்டகங்களுக்கு அப்படியே நிற்கிறது, அதாவது வினாடிக்கு 12 நிலைகள்தான். அவனோடு தாவும் அனுபவசாலியான ஸ்பைடர்மேன் பீட்டரோ முழுமையாக 24 நிலைகளில் வழுக்கிச் செல்கிறார். ஒருவன் திணறுவதையும் மற்றவர் தேர்ந்திருப்பதையும் வசனமே இல்லாமல் குழந்தையின் கண் உணர்ந்துகொள்கிறது. மைல்ஸ் தன் ஆற்றலை அடைந்தபின் அவன் அசைவும் சீராகிவிடுகிறது. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த தலைமுறைக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு: மங்கலாகத் தெரிய வேண்டிய இடங்களில், பழைய அச்சில் வண்ணம் கோட்டை விட்டு விலகி நிற்பதுபோலப் படத்தின் நிறங்கள் பிரிந்து நிற்கின்றன.

மைல்ஸ் உயரமான கட்டடத்திலிருந்து குதிக்கும் இடத்தில், கை ஒட்டியிருந்த கண்ணாடி நொறுங்கி அவனோடு வருகிறது. விரல்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றால் பயம் இன்னும் போகவில்லை என்று பொருள். பயத்தோடுதான் அவன் குதிக்கிறான்.

இதிலும் இழப்பு உண்டு. மைல்ஸ் மிகவும் நேசிக்கும், தந்தையின் உடன்பிறந்தவர் சுடப்பட்டு அவன் கண்ணெதிரே இறக்கிறார். ஆனால் அந்தத் துயரத்துக்குப் பின்னும் அவன் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்கிறது. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இந்த மரணமும் இறுதிச் சண்டையின் கண்கூசும் வெளிச்சமும் கடினமாக இருக்கலாம். ஆகவே அலைபேசியைக் கையில் கொடுத்து ஒதுக்கிவிடாமல், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாதியில் கேள்வி வந்தால் படத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.