போரில் ஊரை இழந்த நால்வர்

பல்கலைக்கழகத்துக்கு எதற்கு இசைக்குழு, அந்தப் பணத்தில் இன்னொரு ஆய்வுக்கூடம் கட்டலாமே என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் புரோ ஆர்ட்டே குவார்டெட்டின் கதையைத்தான் சொல்வேன்.

1912-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரியில் உருவான குழு அது. குவார்டெட் என்றால் நால்வர் சேர்ந்து வாசிக்கும் குழு; அவர்கள் வாசிக்க எழுதப்படும் இசைக்கும் அதே பெயர்தான். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, இன்னும் பெரிய ஒரு செல்லோ. தலைமை வயலின் அல்போன்ஸ் ஒன்னு. பலர் தொடத் தயங்கிய புதிய இசையை இவர்கள் தேடிப்போய் வாசித்தார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் தன் நான்காவது குவார்டெட்டை இவர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் குவார்டெட்டை 1936-இல் ரோமில் முதன்முதலாக வாசித்ததும் இவர்களே. பெரிய தலைவர்களின் இரங்கல் நிகழ்ச்சிகளில் 'அடாஜியோ' என்று ஒன்று ஒலிக்குமே, அது அந்த குவார்டெட்டின் நடுப்பகுதியிலிருந்து வந்ததுதான்.

1940 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் பீத்தோவன் குவார்டெட்டுகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். மே 10 அன்று ஹிட்லரின் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. திரும்பிப் போக நாடில்லை. அந்த அக்டோபரிலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று புகழ்பெற்ற குவார்டெட்டுக்கு இப்படி நிலையான இடம் கொடுத்ததற்கு இதையே முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

அடைக்கலம் கொடுத்தது பெரிய மனசு, சரி. ஆனால் என்னை அதைவிடவும் அசைப்பது அப்புறம் நடந்ததுதான். சேர்ந்த அடுத்த மாதமே ஒன்னு இறந்துபோனார். தலைமை வயலின் போனால் பெரும்பாலும் குவார்டெட்டே கலைந்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. காரணம் ரொம்ப எளிது: ஆள் போனாலும் பணியிடம் இருந்தது. வகுப்பெடுக்க வேண்டும், கச்சேரி செய்ய வேண்டும், அதற்கு மாதச் சம்பளம் உண்டு. அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்தார். அவருக்குப் பிறகு 1944-இல் ருடால்ஃப் கோலிஷ் வந்தார். நவீன இசையின் முன்னோடிகளில் ஒருவரான ஷோன்பெர்க்கின் மைத்துனர், சிறுவயதில் விரலில் பட்ட காயத்தால் இடது கையில் வில் பிடித்தவர். 1967 வரை அங்கேயே இருந்தார். ஐரோப்பாவின் நவீன இசையை அதை உருவாக்கியவர்களோடு கூடவே இருந்து கற்ற ஒருவரிடம், மேடிசன் என்ற ஏரிக்கரை ஊரின் மாணவர்கள் நேரடியாகப் பாடம் கேட்டார்கள்.

வியோலா வாசித்த ஜெர்மெய்ன் பிரெவோ நண்பனை மறக்கவில்லை. ஒன்னுவின் நினைவாக இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியிடம் கேட்டு வாங்கியதுதான் 1944-இல் எழுதப்பட்ட 'எலிஜி', அதாவது இரங்கல் இசை. ஒரே ஒரு வியோலாவுக்கான இசை. கேட்டுப்பாருங்கள்.

டிக்கெட் வசூலை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் குழு 1940-ஐத் தாண்டியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நூறு வயதைத் தொட்டது. நூற்றாண்டு விழாவுக்குப் பழம்பெருமையை மட்டும் பேசிக் கலையாமல், வில்லியம் போல்காம், ஜான் ஹார்பிசன் போன்ற வாழும் இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கி வாசித்தார்கள்.